பழைய புல்லட்: வலது கால் கியரைச் சரிசெய்வதா, இடதுக்கு மாற்றுவதா?

பிப்ரவரி 9, வாசகர் கேள்வி, கே.ஆர்.புரம், பெங்களூரு

1987 மாடல் புல்லட் 350, நாலு கியர், வலதுபக்க மிதி. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தட்டினால் நடுவில் தொங்கி நிற்கிறது. எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. ஐந்து கியர் இடதுபக்கப் பெட்டியாகவே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா அண்ணா?

பிப்ரவரி 9, இரவு

மாற்றாதீர்கள். முதலில் கியர் பெட்டியின் வலதுபக்க வெளிக்கவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே இரண்டு போல்ட்டில் ஒரு சின்ன தகடு நிற்கும். போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருக்கும், தகட்டை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தலாம். காலால் மிதிக்கும்போது ராட்செட் (ஒரு மிதிக்கு ஒரு பல் நகர்ந்து கியரை மாற்றும் பல்லமைப்பு) எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் தகடுதான். அது ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால் கீழே மிதிக்கும்போது ராட்செட் ஒரு பல் முழுக்கப் போகாது. கியர் பாதி விழும், பாதி விழாது. நீங்கள் சொன்ன, நடுவில் தொங்கும் நிலை அதுதான், பொய் நியூட்ரல் என்பார்கள். பெரிய செலவு செய்து பெட்டியை மாற்றும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

என் வண்டி 1984. அப்பா வாங்கியது. இதே நோய் எனக்கும் இரண்டு மாதமாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு நானும் திறக்கிறேன்.

பிப்ரவரி 10

ஒன்றை விட்டுவிட்டேன். கவரைத் திறப்பதற்கு முன் கிளட்சைப் பாருங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்தபடி முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் பரவாயில்லை. வேகமாகச் சுற்றி, பிரேக் அழுத்தினால் எஞ்சின் திணறினால் கிளட்ச் முழுக்கப் பிரியவில்லை என்று அர்த்தம். அப்படி இருக்கும்போது கியர் கல் மாதிரி இருக்கும், நாமும் பயந்து பயந்து மிதிப்போம், பாதியில் நிற்கும். கியர் பெட்டியின் வலதுபுறச் சின்ன மூடியைக் கழற்றினால் லாக் நட்டோடு ஒரு திருகு தெரியும். அதில் சரிசெய்துவிட்டு, கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி கேபிளை வையுங்கள். காசு செலவில்லாத வேலை, கால் மணி நேரம் போதும்.

பிப்ரவரி 16

இன்று காலை அல்சூரில் வீட்டு வாசலிலேயே பிரித்தேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிக்கர், கியர் லிவர், நியூட்ரல் ஃபைண்டர் (ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் சின்ன மிதி), வலது ஃபுட்ரெஸ்ட் எல்லாம் கழன்ற பிறகுதான் கவர் வரும். அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியம் போய்விடும், ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள்.

ஒன்பதாம் தேதி நான் எழுதியது என் வண்டிக்குத் தவறு. தகடு இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. கோளாறு வேறு மூன்று இடங்களில்.

முதலாவது, லிவர் தண்டு உட்காரும் உலோக வளையம், அதாவது புஷ், நீள்வட்டமாகிவிட்டது. தண்டைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் அசைகிறது. இரண்டாவது, ராட்செட் நகங்களின் முனை மழுங்கிவிட்டது. கையால் தடவினாலே தெரிகிறது, கூர்மையாக இருக்க வேண்டிய இடம் கூழாங்கல் மாதிரி இருக்கிறது. மூன்றாவது, மிதியை நடுவுக்குத் திருப்பும் ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது. மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் லிவர் முழுசாகத் திரும்பவில்லை. திரும்பாவிட்டால் நகம் அடுத்த பல்லைப் பிடிக்காது. அடுத்த மிதி காற்றில் போகும்.

ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் வண்டி சமாளித்திருக்கும். மூன்றும் சேர்ந்துதான் பாதி மிதி ஆகிவிட்டது.

யோசித்தபோது ஒரு கணக்கு பிடிபட்டது. கீழே மிதிக்கும்போது கியர் பாதியில் நிற்கிறது, மேலே தூக்கும்போது ஒன்றைத் தாண்டிப் போகிறது என்றால் தகடு நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் குறைந்த தூரம் மறுபக்கம் கூடியிருக்கும். இரண்டு திசையிலுமே பாதியில் நிற்கிறது என்றால் தகட்டைத் தொடாதீர்கள், அது தேய்மானம். கே.ஆர்.புரம் தம்பி, மேலே தூக்கும்போது உங்கள் வண்டி என்ன செய்கிறது என்று சொல்லவே இல்லை.

பிப்ரவரி 17

லிவருக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள பற்களையும் பாருங்கள். தண்டின் அச்சிலிருந்து ஏழு மில்லிமீட்டர் தள்ளி அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், பதினாலு சென்டிமீட்டர் லிவரின் நுனியில் அது ஒரு சென்டிமீட்டர் ஆட்டம். நம் கால் அந்த ஒரு சென்டிமீட்டரை வீணாக மிதிக்கிறது.

பிப்ரவரி 23

உதிரிபாகம் வாங்க ஜே.சி. ரோடு போய்வந்தேன். சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், நிற்க இடமில்லை.

ராட்செட் செட் இரண்டு விலையில் இருந்தது. ஒன்று 380, இன்னொன்று 850. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், டப்பாதான் வேறு. விலை கூடினது நல்லது என்று நினைத்து 850 கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அரம் போட்டுப் பார்த்தியா?" பார்க்கவில்லை. கெட்டியாக்கின இரும்பாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும், பச்சை இரும்பாக இருந்தால் கடிக்கும். அவர் சொன்னபடி யாருக்கும் தெரியாத ஒரு ஓரத்தில் லேசாக இழுத்துப் பார்த்தோம். கொஞ்சம் கடித்தது. ஆனால் வாங்கியாகிவிட்டது, போட்டுப் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன்.

புஷ்ஷுக்கு சிவாஜிநகரில் ஒரு லேத் கடை. கடைக்கார பாய் தமிழும் உருதும் கன்னடமும் கலந்து ஒரே வாக்கியத்தில் பேசுவார். கவரையும் தண்டையும் இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். அதுதான் சரி. தண்டும் தேய்ந்திருக்கும், பழைய அளவுக்கு புஷ் போட்டால் புது புஷ்ஷிலும் ஆடும். தண்டை லேசாகத் தேய்த்து வட்டமாக்கி, அந்த அளவுக்குக் கன்மெட்டலில் புஷ் கடைந்து அழுத்திக் கொடுத்தார். 700 ரூபாய். எண்ணெய் போக ஒரு சின்ன பள்ளமும் உள்ளே வெட்டியிருந்தார், நான் கேட்காமலேயே.

மார்ச் 2

பூட்டியாகிவிட்டது. புது ஸ்ப்ரிங், புது ராட்செட், புது புஷ், புது கேஸ்கெட்.

பெட்டிக்குள் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கட்டியாகிக் கிடந்தது. இந்தப் பெட்டியில் வெறும் எண்ணெய் விட்டால் ஒழுகும் என்று மெக்கானிக்குகள் கிரீஸும் எண்ணெயும் கலந்து போடுவார்கள், அது தவறில்லை. ஆனால் வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் எண்ணெய் கசிந்து போய் கிரீஸ் மட்டும் நிற்கும். குளிர்கால விடியலில் கியர் கல்லாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணெண்ணெயில் கழுவி, இளகலாகக் கலந்து போட்டேன்.

அல்சூர் ஏரியைச் சுற்றி இரண்டு சுற்று. ஒவ்வொரு கியரும் 'டக்' என்று விழுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

மார்ச் 15

ஒருவர் கஃபே ரேஸர், அதாவது பழைய பந்தய பாணி வண்டி, கட்டுகிறாராம், ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளி ராடு வைத்துக் கியரை இழுக்க வேண்டுமாம். என் வண்டியில் நான் செய்ததில்லை. ஆனால் வடிவக் கணக்கு எளிது, சொல்கிறேன்.

ராடு இரண்டு முனையிலும் அந்தந்தக் கையோடு செங்கோணத்தில் நிற்க வேண்டும், வண்டி சும்மா நிற்கும்போது. சாய்ந்து நின்றால் மேலே தூக்கும் தூரமும் கீழே மிதிக்கும் தூரமும் ஒன்றாக இருக்காது. தகடு நகர்ந்த மாதிரியே ஒரு பக்கம் பாதி கியர் விழும். முனைகளில் சாதாரண போல்ட் போடாதீர்கள், எந்தப் பக்கமும் திரும்பும் பால் ஜாயின்ட் போடுங்கள். இன்னொன்று, பெட்டித் தண்டின் கையை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கியர் வரிசையே தலைகீழாகும். புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கையைத் திருப்பி வைத்தால் முதல் கியர் கீழே, மூன்றும் மேலே என்று ஆகும். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அந்த வண்டியை வேறு யாரிடமும் சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.

மார்ச் 29

ஏன் வலதுபக்கம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பழைய இங்கிலாந்து வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். நம் புல்லட்டின் நாலு கியர் பெட்டி பர்மிங்காம் ஆல்பியன் கம்பெனியின் வடிவம். 1955இல் என்ஃபீல்டு இந்தியா சென்னையில் தொடங்கியபோது அந்தப் பெட்டியும் கூடவே வந்தது. 1970களின் நடுவில் அமெரிக்கா கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அங்கே விற்க வேண்டியிருந்ததால் இங்கிலாந்துக் கம்பெனிகள் வண்டிக்குள் குறுக்கே தண்டெல்லாம் விட்டுக் கியரை இடதுக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால் திருவொற்றியூரில் செய்த புல்லட்டில் வலது கால் கியர் 2000ஐத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தது.

அப்பாவுக்கு இது வரலாறு இல்லை. அவர் ஓட்டக் கற்றுக்கொண்டதே வலது காலில். இடது கால் கியர் வண்டியில் ஏறினால் அவர்தான் தடுமாறுகிறார்.

ஏப்ரல் 12

இதை எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பிப்ரவரியில் அவ்வளவு உறுதியாக "மாற்றாதீர்கள்" என்று சொன்னவன் நான்.

வாரநாட்களில் நான் ஓட்டுவது இடதுகால் கியர் வண்டி, வலதுகாலில் பிரேக். புல்லட் வார இறுதியில் மட்டும். இன்று காலை பழைய மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபேக்டரிக்கு முன்னால் வந்துகொண்டிருந்தேன், இரண்டாவது கியர். ஓரத்தில் நின்ற ஆட்டோ திரும்பியே பார்க்காமல் உள்ளே நுழைந்தது. என் வலது கால் தானாகக் கீழே அழுத்தியது. பிரேக் என்று நினைத்து. அது கியர் லிவர். புல்லட்டில் கீழே அழுத்தினால் அடுத்த மேல் கியர். வண்டி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது. பிரேக் பிடிக்கவில்லை, எஞ்சினின் இழுவையும் விட்டுப்போனது. முன் பிரேக்கைப் பிடித்து, ஆட்டோவின் பின் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

புதுசாகச் சரிசெய்த கியர் 'டக்' என்று அருமையாக விழுந்தது. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

ஏப்ரல் 13

இரவெல்லாம் யோசித்தேன். கே.ஆர்.புரம் தம்பியின் மெக்கானிக் சொன்னதை நான் ஒரே வரியில் தள்ளியது சரியில்லை. கியர் பெட்டி நன்றாக இருப்பது வேறு, ஓட்டுபவரின் கால் எதற்குப் பழகியிருக்கிறது என்பது வேறு. தினமும் இரண்டு விதமான வண்டி ஓட்டுகிறவர் மாற்றிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாற்றுவது பெட்டியோடு முடிந்துவிடாது. கியர் இடதுக்குப் போனால் பிரேக் மிதி வலதுக்கு வர வேண்டும். புல்லட்டின் பின் பிரேக் டிரம் இடதுபக்கம், செயின் பக்கம் இருக்கிறது. அதனால் வலது மிதியிலிருந்து இடதுபக்க ராடுக்குக் குறுக்கே ஒரு தண்டு போக வேண்டும். அந்தத் தண்டும் அதன் புஷ்ஷும் ஆடினால் பிரேக் தொளதொளவென்று இருக்கும். கியரில் ஆட்டம் இருந்தால் வண்டி அலறும், அவ்வளவுதான். பிரேக்கில் ஆட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மாற்றுபவர்கள் பெட்டி, மிதி, குறுக்குத் தண்டு, ராடு, பிரேக் லைட் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாக வாங்குங்கள். அங்கங்கே பொறுக்கிச் சேர்க்காதீர்கள்.

ஐந்தாவது கியர் வந்தால் வேகம் கூடும் என்று நினைக்கவும் வேண்டாம். எஞ்சின் அதே 346 சிசிதான். நாலு கியர் பெட்டியிலும் மேல் கியர் நேரடிதான், பெட்டிக்குள் வேகம் மாறாமல் அப்படியே வெளியே போகும். ஐந்தாவது வந்தால் கியர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகள் குறையும். நந்தி மலை மாதிரி ஏற்றத்தில் அது உதவும்.

இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா என்று கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொன்னது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கும். இந்தப் புல்லட்டில் கியர் பெட்டி எஞ்சினிலிருந்து தனி, எஞ்சின் நம்பர் அதில் இல்லை. ஆனாலும் வேலைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 20

கே.ஆர்.புரம் தம்பியிடமிருந்து தகவல். அவர் வண்டியில் கீழே மிதிக்கும்போது மட்டும்தான் கோளாறாம், மேலே தூக்கினால் ஒன்று தாண்டிப் போயிருக்கிறது. திறந்து பார்த்தால் தகட்டின் ஒரு போல்ட் கழன்று கிடந்ததாம். நகர்த்தி இறுக்கியதும் சரியாகிவிட்டது. அவருக்கு இந்த வண்டி ஒன்றுதான், வேறு வண்டி ஓட்டுவதில்லை. பெட்டியை மாற்றவில்லை.

ஆக, முதல் நாள் நான் எழுதியது அவர் வண்டிக்குச் சரி, என் வண்டிக்குத் தவறு.

மே 18

850 ரூபாய் ராட்செட் போய்விட்டது. பதினொரு வாரம், எண்ணூறு கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது. மூன்றிலிருந்து இரண்டுக்குத் தூக்கும்போது மறுபடி தடுமாற்றம். திறந்தால் நகத்தின் முனை மடங்கியிருக்கிறது, மண்வெட்டி முனை மடங்குமே, அந்த மாதிரி. பச்சை இரும்பு. அரம் கடித்த அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடைக்காரர் எலக்ட்ரிக்கல் சாமான் மாதிரி இதற்கும் வாரண்டி இல்லை என்றார். புஷ் மட்டும் நேற்று போட்டது மாதிரி இருக்கிறது.

சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், தேடி, ஒரு பிரித்த பெட்டியிலிருந்து கம்பெனி ராட்செட் எடுத்தேன். துரு பிடித்திருந்தது, ஆனால் முனை கூர்மை. அரம் போட்டேன், கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது. 250 ரூபாய். ஜே.சி. ரோட்டில் புதுசு வாங்குகிறவர்களும் சட்டைப்பையில் ஒரு சின்ன அரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன்னாலேயே இழுத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

மே 19

"பழையது வாங்குவது அதைவிட மோசமில்லையா?" என்றால், தேய்ந்த பழையது மோசம். தேயாத பழையது நல்லது. முனையைத்தான் பார்க்க வேண்டும், துருவை அல்ல.

ஜூன் 8

மாற்றுவதா வேண்டாமா என்று என்னையே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஏப்ரலில் இருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாற்றவில்லை. காரணம் அப்பா. 74 வயது, முட்டி வலி, இருந்தாலும் ஞாயிறு காலை ஏரிவரை போய்வருவார். இந்த வயதில் அவர் காலை நான் மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது என் கால்தான்.

அவர் வழக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிக்கர் அடிப்பதற்கு முன், எஞ்சின் நின்றிருக்கும்போதே, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து நான்குவரை போட்டு, திரும்ப எடுப்பார். பிறகு இடது காலால் பிரேக்கை மூன்று முறை அழுத்துவார். சின்ன வயதில் வண்டியைச் சோதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது, "வண்டிக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கும். காலுக்குத்தான் ஞாபகப்படுத்தணும்" என்றார். முதல் பத்து நிமிஷம் அல்சூர் சந்துகளுக்குள்தான் ஓட்டுகிறேன், பெரிய ரோட்டுக்கு வருவதில்லை. முன் பிரேக்கில் எப்போதும் இரண்டு விரல்.

என்னைப் போல வாரம் ஒருமுறை எடுப்பவர்கள் இதைச் செய்ய முடியாது என்றால், முழு செட்டாக மாற்றிவிடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

ஜூலை 6

நேற்று ஓசூர் போய்வந்தோம். நான் ஓட்ட, அப்பா பின்னால். மழை, பொம்மசந்திரா அருகே நெரிசல், நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருந்தது. போகவர ஒரே ஒரு தடவைதான் கியர் தவறியது. அதுவும் ஷூ ஈரத்தில் வழுக்கியதால். வலது கால் ஒருமுறைகூடப் பிரேக்கைத் தேடவில்லை.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் டீ குடித்துவிட்டு அப்பா தான் ஓட்டுகிறேன் என்றார், கொஞ்ச தூரம்தானே என்று கொடுத்தேன். முன்னால் சிக்னல் விழுந்தது. நான்காவது கியரில் வந்துகொண்டிருந்தவர், கிளட்சைப் பிடித்து, குதிகாலால் ஃபைண்டரை ஒரே அழுத்து. நேராக நியூட்ரல். பக்கத்தில் நின்ற பையன் தன் புது வண்டியில் கியரை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது அப்பா கையை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.